இரண்டு நிமிடக் கடல்

எந்தக் கப்பலில் வந்ததென்று கேட்டால்
பார்த்தலமியூஸ் ஒவ்வொரு முறையும் வேறு பெயர் சொல்வார்.
அலுமாரி உயரம். பச்சைப் பூச்சு.
நெற்றியை வைக்க ஒரு ரப்பர் குழி,
நீர்மூழ்கிக்குரிய கைப்பிடி இரண்டு.
உட்துறைமுக வீதியில்
ஐஸ் டிப்போவுக்கும் சைக்கிள் கடைக்கும் நடுவே
ஒடுங்கிய அறையொன்றில்
கரண்ட் இருக்கும் நேரமெல்லாம் உறுமியபடி நின்றது.

எங்கள் காசை அது விழுங்காது.
பழைய பென்னியின் பருமனுக்குப் பித்தளை வாஷர் அராவி
ஐம்பது சதத்துக்கு ஒன்று விற்றார்.
நடுவிலே ஓட்டை உள்ள பணம்.
ஓட்டையை ஈயம் காய்ச்சி அடைத்தது புவிராஜ்.

உள்ளே கடல்.
கடலென்றால் துணி,
உருளையில் சுற்றி வரும் நீலத் துணி;
ஒவ்வொரு சுற்றிலும் ஒருமுறை தையல் தெரியும்.
அதன்மேல் தகரக் கப்பல்கள்
வலமிருந்து இடமாக.
சிவப்புப் பொத்தானை அமுக்கினால்
ஒரு வெளிச்சப் புள்ளி நீருக்கடியில் ஓடும்.
பட்ட கப்பல் சிவக்கும்.
படாத கப்பல் தேடுவிளக்கை உன்மேல் திருப்பும்.
அவ்வளவுதான், வாஷர் போயிற்று.

சுடாமல் பிடித்துக்கொண்டு நின்றாலும்
கைப்பிடிக்குள் பாதரசம்.
விரல் நடுங்கத் துணி அலையும்,
துணி அலைய விளக்குத் திரும்பும்.
இருபது விநாடி தாண்டியவன் ஊரில் இல்லை.
பழுதான சாமான் என்றே நினைத்திருந்தோம்,
கிண்ணியா நிஸ்தார்
விடியற்காலம் ஐஸ் இறக்கிக் களைத்து வந்து
வாஷரைப் போட்டு, நெற்றியைக் குழியில் வைத்து
அப்படியே நித்திரையாய்ப் போகும்வரை.

சிரிக்கத்தான் பின்னால் கூடினோம்.
ரப்பர் விளிம்பால் கசிந்து
விளக்கு அவன் கன்னத்தில் ஏறியது, இறங்கியது,
மறுபடி ஏறியது.
கை இரண்டும் உரித்து வைத்த மீன்போல் கிடந்தன.
ஒரு நிமிடம். ஒன்றரை.
பிறகு ஒரு மணி அடித்தது,
அந்தப் பெட்டிக்குள் மணி இருப்பதே
பெட்டிக்காரருக்கும் தெரியாது.

கொலரைப் பிடித்து அவனை இழுத்தெறிந்து
முதலில் நுழைந்தது என் தலை.
துணிக்குப் பின்னால் மஞ்சள் பல்ப்.
ஒரு துறைமுகம், இரண்டு மயிர்த் தூரிகையால் வரைந்த குன்றுகள்,
கரைக்கு வரும் வள்ளத்தில்
நின்றபடி கைதூக்கும் ஒருவன்.
டக். இருட்டு.
"சீனக்குடாதான்" என்றேன்.
"பிளைமவுத்" என்றார் பார்த்தலமியூஸ், பார்க்காமலே.
"என்னடா, என்ன?" என்றான் நிஸ்தார்
வாணீரைத் துடைத்தபடி.

அதன்பிறகு கடைக்குள் தேவாலய அமைதி.
எழுபது விநாடிக்கு மேல் எவராலும் முடியவில்லை.
பெருவிரல் தானாகப் போகும் சிவப்புக்கு.
புவிராஜ் அதை ரப்பர் வளையத்தால் கட்டிப் பார்த்தான்,
தும்மிவிட்டான்.

எண்பத்தேழோ எட்டோ,
மட்டிக்களிப் பக்கம் ஒரு வாய்க்காலுக்குள்
முகம் குப்புறக் கிடந்த இரவு
நிஜ விளக்கொன்று என் முதுகில் ஏறி
நின்று,
போய்,
திரும்பி வந்தது.
நிஸ்தாரைப்போல் உறங்கப் பார்த்தேன், வரவில்லை.
நூற்றுப்பத்துவரை எண்ணினேன்.
மணி எதுவும் அடிக்கவில்லை.

பெட்டியின் பலகை யாருடைய அடுப்பிலோ எரிந்தது.
கண்ணாடிகள் ஒரு சலூனுக்குப் போயின;
அதில் கொஞ்சக்காலம் என் பிடரியைப் பார்த்திருக்கிறேன்.

இப்போது ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறேன்.
பொத்தான் என் பக்கம்.
"மூச்சை இழுங்கோ. பிடியுங்கோ. அசையாதேங்கோ"
என்றதும்தான் அசைவார்கள்,
விலா எலும்புகள் புகையாய் விழும்,
இன்னொரு பிலிம்.

இன்று மூதூரிலிருந்து முதல் பஸ்ஸில் வந்த ஒருவர்,
இரவு முழுக்க வாடியில் மீன் தெரிந்தவராம்,
நான் தடுப்புக்குப் பின்னால் போய்ச் சேருமுன்
மேசையில் உறங்கிவிட்டார்.
சொல்ல வேண்டியது எதையும் சொல்லாமல் அமுக்கினேன்.
இடுப்பெலும்பு அவ்வளவு தெளிவு.

வெளியே இருபது பேர் வரிசை.
எழுப்பவில்லை இன்னும்.